செங்குத்துக் கோடும் அடக்கப் பூசையும்

பொருள் தெரியாமலே ஒன்றைப் பிழையில்லாமல் சொல்கிறவருக்கு அது தெரியும் என்று ஒப்புக்கொள்ளலாமா? பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரே பதில்தான்: ஒப்பிப்பது படிப்பாகாது, புரிய வேண்டும். அதே ஆட்கள் கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போனால் பதில் மாறிவிடுகிறது: புரியாவிட்டால் என்ன, வாய் சொன்னால் போதும், சொல்லுக்கே பலன் உண்டு. புதுச்சேரியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது வீட்டு வராந்தாவில் டியூஷன் எடுத்துக்கொண்டிருக்கும் எனக்கு, இந்த இரண்டு பதில்களும் இடம் மாறிக் கிடப்பதாகத் தோன்றுகிறது. கணக்கைப் புரியாமல் சொன்னால் பெரிய மோசமில்லை. ஜெபத்தைப் புரியாமல் சொல்வதுதான் ஆபத்து. கேட்டவுடன் இது தலைகீழாகத் தெரியும். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

கணக்கிலிருந்து தொடங்குவதுதான் எனக்கு வசதி. '3எக்ஸ் − 4ஒய் + 7 = 0 என்ற நேர்க்கோட்டுக்குச் செங்குத்தாகவும், (2, 5) என்ற புள்ளி வழியாகவும் செல்லும் நேர்க்கோட்டின் சமன்பாடு காண்க.' கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்: "கெழுவ மாத்து, குறிய மாத்து, கே போடு." எக்ஸின் கெழு 3, ஒய்யின் கெழு −4. இரண்டையும் இடம் மாற்றி, ஒரு குறியைத் திருப்பினால் 4எக்ஸ் + 3ஒய் + கே = 0. அதில் 2, 5 இரண்டையும் போட்டால் 8 + 15 + கே = 0. ஆக, கே என்பது −23. விடை 4எக்ஸ் + 3ஒய் − 23 = 0. முழு மதிப்பெண்.

ஏன் இடம் மாற்ற வேண்டும், ஏன் ஒரு குறியை மட்டும் திருப்ப வேண்டும் என்று கேட்டால், "அப்படித்தான் மிஸ்" என்பார்கள். சிலர் இன்னொரு விதியைக் காட்டுவார்கள்: செங்குத்துக் கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 வரும். அது ஏன் என்று கேட்டாலும் அதே "அப்படித்தான் மிஸ்".

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. என் வராந்தாத் தரையில் சதுர ஓடு பதித்திருக்கிறது. ஒரு பிள்ளையைக் கிழக்கே நான்கு ஓடு, அங்கிருந்து வடக்கே மூன்று ஓடு நடக்கச் சொல்வேன். அது 3/4 சாய்வு. பிறகு பழைய இடத்துக்கே வந்து, உடம்பை அப்படியே இடப்பக்கம் கால் வட்டம் திருப்பச் சொல்வேன். கிழக்காக இருந்தது வடக்காகிவிட்டது. வடக்காக இருந்தது மேற்காகிவிட்டது. இப்போது நடக்க வேண்டியது வடக்கே நான்கு, மேற்கே மூன்று. நான்கும் மூன்றும் இடம் மாறியது அதனால். மேற்கு என்பது கிழக்குக்கு எதிர் என்பதால் ஒரு குறி மட்டும் திரும்பியது. −1 என்ற எண்ணுக்குள் இருப்பது அந்தக் கால் வட்டத் திரும்பல்தான்.

இதை நடந்து பார்த்த பிள்ளைக்கும் பார்க்காத பிள்ளைக்கும் பரீட்சையில் ஒரே மதிப்பெண்தான் வரும். வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் விதி முட்டுகிற இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்கு நம் ஊரே போதும். 1693 முதல் 1699 வரை இங்கே டச்சுக்காரர்கள் இருந்தபோது நேர்நேராகத் தெருக்களை வரைந்து திட்டம் போட்டார்கள். 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய பிறகு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கட்டியபோதும் அந்த அமைப்பு மாறவில்லை. கிழக்கு மேற்காகப் போகிற நேரு வீதி, வடக்கு தெற்காகப் போகிற காந்தி வீதியைச் செங்குத்தாக வெட்டுகிறது. சைக்கிளில் திரும்புகிற எவருக்கும் அது தெரியும். நேரு வீதியை எக்ஸ் அச்சாக வைத்தால் அதன் சாய்வு பூச்சியம். காந்தி வீதிக்குச் சாய்வே வரையறுக்க முடியாது. பெருக்கினால் −1 வருமா? பெருக்கவே முடியாது. −1 விதியை மட்டும் பிடித்துக்கொண்ட பிள்ளை இங்கே நின்றுவிடும். தினமும் தான் திரும்புகிற முனையைப் பார்த்து, "இது செங்குத்து இல்லபோல மிஸ்" என்று சொல்லும்.

ஆனால் 'கெழுவ மாத்து' கோஷ்டி இங்கே நிற்பதில்லை. ஒய் = 3 என்ற கோட்டில் எக்ஸின் கெழு பூச்சியம், ஒய்யின் கெழு 1. இடம் மாற்றினால் எக்ஸ் + கே = 0 என்று செங்குத்துக் கோடு ஒழுங்காக வந்து நிற்கும். இந்தப் பிள்ளைக்கும் காரணம் தெரியாது. பக்கத்துப் பிள்ளை முட்டிக்கொண்ட இடத்தில் தான் முட்டவில்லை என்பதும் தெரியாது. அப்படியானால் அந்தச் சாமர்த்தியம் யாருடையது? அந்த விதியை அமைத்தவர் யோசித்தது விதிக்குள்ளேயே இருக்கிறது. சொல்கிறவர் தான் அறிந்ததைவிட அதிகமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த நல்ல விதிக்கும் ஓர் எல்லை உண்டு. நம் ஊர்த் தெருக்கட்டங்கள் சதுரமல்ல. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. ஓடுகளுக்குப் பதில் தெருக்கட்டங்களை எண்ணி, கிழக்கே நான்கு, வடக்கே மூன்று என்று ஒரு கோடும், வடக்கே நான்கு, மேற்கே மூன்று என்று இன்னொரு கோடும் போட்டால், விதிப்படி எல்லாம் சரி, ஆனால் ஊர் வரைபடத்தில் மூலைமட்டம் வைத்தால் செங்கோணம் வராது. இரண்டு அச்சிலும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்பது விதியின் வார்த்தைகளில் எங்கும் இல்லை. அது விதிக்கு வெளியே, அதைப் புரிந்துகொண்டவரின் தலையில் இருக்கிறது. ஆக, புரிதல் என்பதற்கு நான் வைத்திருக்கும் அர்த்தம் இதுதான்: விதி எங்கே முடிகிறது என்று தெரிந்திருப்பது.

இந்தப் பாடத்தின் மூலவர் தெகார்த். 1637இல் வந்த 'வடிவியல்' நூலில், வளைகோடு ஒன்றுக்கு எந்தப் புள்ளியிலும் செங்குத்துக் கோடு காணும் கணக்கைத்தான், தான் அறிய விரும்பியவற்றிலேயே மிகப் பயனுள்ளதாக அவர் சொல்கிறார். அதற்கு வெகுகாலம் முன்பே நம் ஸ்தபதிகள் சமன்பாடு இல்லாமல் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். தரையில் சங்கு என்னும் கோலை நட்டு, சுற்றி வட்டம் போட்டு, காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும் பிற்பகலில் தொடும் இடத்தையும் குறித்து இணைத்தால் கிழக்கு மேற்கு. அந்த இரண்டு புள்ளிகளிலிருந்தும் கயிற்றால் வில் இழுத்தால் நடுவே மீன் வடிவம் வரும். மீனின் தலையையும் வாலையும் சேர்த்தால் வடக்கு தெற்கு. செங்குத்து தயார். இந்த முறையைச் சொல்லும் மயமதம் என்ற சிற்ப நூலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு பதிப்பித்தது நம் ஊர் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். சுலோகத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு கயிறு பிடித்த எத்தனையோ கைகளுக்கு, மீன் ஏன் செங்கோணம் தருகிறது என்று தெரிந்திருக்காது. கட்டிய கோபுரம் சாய்ந்துவிடவில்லை.

புரியாமல் சொல்வதன் வலிமைக்கும் எல்லைக்கும் உலகமே எடுத்துக்காட்டுகிற ஒரு சாட்சி புதுச்சேரியில் இருந்தார். சென்னை வானாய்வகத்தை நடத்தியவரும், கோலாரில் தங்கம் இருப்பதை 1802இல் கண்டறிந்து சொன்னவருமான ஜான் வாரன், 1825இல் 'கால சங்கலிதம்' என்ற நூலை வெளியிட்டார். தென்னிந்தியர் நாள் கணிக்கும் முறைகளைப் பற்றிய நூல் அது. புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்ததை அதில் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளை வைத்து, நகர்த்தி, எடுத்து, சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அட்டவணை எதுவும் கையில் இல்லை. எண்களெல்லாம் எழுத்துகளாகவும் வாக்கியங்களாகவும் மனத்தில் இருந்தன. கிரகணம் ஏன் வருகிறது என்ற சித்தாந்தம் அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன். ஞாபகம்தான் அவருடைய கருவி. 1825 மே 31 இரவின் கிரகணத்துக்கு அவர் சொன்ன நேரத்தில் தொடக்கம் 4 நிமிடம் விலகியது, நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம். வாரன் 1830இல் இதே புதுச்சேரியில்தான் இறந்தார்.

அந்தப் பஞ்சாங்கக்காரருக்கு முன்பும் இங்கே அப்படி ஒருவர் இருந்திருக்கிறார். சூரியனை வெள்ளிக் கோள் கடப்பதைப் பார்க்க பிரான்சிலிருந்து புறப்பட்ட லெ ழான்தி என்ற வானியலாளர், 1761இல் போரால் ஊருக்குள் வர முடியாமல் நடுக்கடலில் மாட்டிக்கொண்டு, 1768இல் திரும்ப வந்து, இடிந்த கோட்டையில் ஆய்வகம் அமைத்துக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடிக்கொண்டது. அந்தக் காத்திருப்பில் அவர் செய்த உருப்படியான வேலை, இங்குள்ள தமிழர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கக் கற்றுக்கொண்டது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ் முறையில் போட்டுப் பார்த்தபோது 41 வினாடி குறைந்தது. ஐரோப்பாவில் அன்று பேர்பெற்ற தோபியாஸ் மேயரின் அட்டவணை 68 வினாடி கூட்டிச் சொன்னது.

வாரன் எழுதியதை எடுத்துக்கொண்டு 1952இல் கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நொய்கபாவர் தமிழ் வானியலைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இந்த முறையின் வேர் கிரேக்கர் வழியாகப் பாபிலோன் வரை போகிறது என்பது அவர் கருத்து. இன்னொரு பக்கம், ஜான் சர்ல் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் 1980இல் ஒரு கற்பனை அறையைக் கட்டினார். உள்ளே சீன மொழி தெரியாத ஒருவர், கையில் விதிப் புத்தகம். வெளியிலிருந்து வரும் சீனக் கேள்விகளுக்கு அதைப் பார்த்துச் சரியான சீனப் பதில் எழுதி அனுப்புகிறார். அவருக்குச் சீனம் தெரியும் என்று சொல்லலாமா என்று கேட்டார். போனில் கணக்கைப் படமெடுத்து விடை வாங்குகிற இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியை விளக்கவே வேண்டாம். சர்லுக்குக் கற்பனை தேவைப்பட்டது. நமக்கு ஒரு ஆளே தரையில் சோழி பரப்பி உட்கார்ந்திருந்தார்.

அவரைப் பரிதாபமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவர் சொன்னது தவறினால் தவறியது அன்றிரவே தெரியும். நிலா மேலே இருக்கிறது; யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 52 நிமிடத்தை மறைக்க வழியில்லை. வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள் நிலாவின் நடையை ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாக்கியமாகக் கட்டிவைத்தவை. அவற்றைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே இருக்கும் காரணம் தெரிந்திருக்காது. அவர்கள் சொல்லாமல் விட்டிருந்தால், பிற்காலத்தில் சங்கமக்கிராமத்து மாதவன் அவற்றைத் திருத்தி நுட்பமாக்க எதுவும் மிஞ்சியிருக்காது. அதே கேரளத்தில் பரமேசுவரன் பல்லாண்டு கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, கணக்குக்கும் வானத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொண்டே வந்து, 1431இல் 'த்ருக்கணிதம்' எழுதினார். நூறு பேர் புரியாமல் சுமக்கலாம், ஒருவர் நிமிர்ந்து பார்த்தால் போதும். கணக்குக்கு இந்த வசதி உண்டு: சரிபார்க்கிற பொருள் வெளியே இருக்கிறது. செங்குத்தென்றால் மூலைமட்டம், கிரகணமென்றால் நிலா. அதனால்தான் என் டியூஷன் பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கண்டு நான் இப்போது பதறுவதில்லை.

கிரகணத்திலிருந்து ஓரடி நகர்ந்து வழிபாட்டுக்குள் கால் வைத்தால் அந்த வசதி போய்விடுகிறது. நம் யூனியன் பிரதேசத்துக் காரைக்காலில் இருக்கிற திருநள்ளாற்றையே பாருங்கள். திருக்கணிதப்படி சனி மீன ராசிக்குப் போனது 2025 மார்ச் 29. கோயில் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கப்படி அந்தப் பெயர்ச்சி 2026 மார்ச் 6. ஏறக்குறைய பதினொரு மாதம் தள்ளி. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. என் கவனம் வேறு இடத்தில் போகிறது. நளதீர்த்தத்தில் மூழ்கி எழுகிறவர் சனி எந்த ராசியில் இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துவிட்டு வருவதில்லை. அங்கே நீதிபதி வானமல்ல, வழிமுறை. வழிமுறை சொன்ன நாளில் வந்தவருக்கு அது பெயர்ச்சி நாள்தான். அவர் வேண்டியது சரியாக இருந்ததா என்று காட்ட, 52 நிமிடம் மாதிரி ஓர் எண் வெளியே எங்கும் விழாது.

அப்படியானால் ஜெபத்தைச் சரிபார்ப்பது எது? இந்தக் கேள்வியை எனக்குள் போட்டவர் என் தாத்தா.

அவர் உபதேசியார், சம்பா கோயில் பக்கம் பூசைகளில் பாடுகிறவர். அன்றைக்குப் பூசை லத்தீனில். ஜெபமாலையும் மற்ற ஜெபங்களும் எங்கள் சனங்களுக்குத் தமிழில் நெடுங்காலமாக உண்டு. லத்தீன் பூசைக்கும் பாட்டுக்கும்தான். தாத்தாவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. லத்தீன் பாட்டுகளையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி, எங்கே இழுக்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று மேலே கோடு கிழித்து வைத்திருப்பார். அடக்கப் பூசைக்கு அவரைத் தேடி வருவார்கள். 'தீயெஸ் ஈரே' என்று தொடங்குகிற சாவுப் பாட்டை அவர் எடுத்தால், செத்தவர் யாரென்று தெரியாதவர்களும் அழுவார்கள் என்று அம்மா சொல்வாள். அவருக்கு ஒரு வார்த்தை அர்த்தம் தெரியாது. தெரிய வேண்டுமென்று தோன்றியதும் இல்லை. இது செத்தவர்களுக்காகப் பாடுவது, அவர்கள் ஆத்துமத்துக்கு நல்லது; அவ்வளவுதான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்தது. பூசை தமிழுக்கு வந்தது. சில வருடங்களில் அந்தப் பாட்டு அடக்கப் பூசையிலிருந்தே எடுக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில், இளம் சாமியார் ஒருவர் தாத்தாவின் நோட்டைப் பார்த்து வியந்து, திண்ணையில் உட்கார்ந்து வரிக்கு வரி அர்த்தம் சொல்லியிருக்கிறார். தீர்ப்பு நாளைப் பற்றிய பாட்டு என்று தாத்தா ஊகித்திருந்தார். அவர் ஊகிக்காதது, அதில் பெரும்பகுதி பாடுகிறவன் தன்னைப் பற்றியே சொல்வது என்பது. நீதிமானே நடுங்குகிற நாளில் நான் என்ன சொல்வேன், எனக்காக யாரைப் பேசச் சொல்வேன் என்று கெஞ்சுகிற பாட்டு அது. செத்தவரைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது.

"இத்தனை வருசமா எனக்குத்தான் பாடிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாராம் தாத்தா.

அதற்கப்புறம் அவர் நன்றாகப் பாடினார் என்று கதையை முடிக்க எனக்கும் ஆசைதான். நடந்தது அதுவல்ல. அடுத்த அடக்கப் பூசையில் அந்த வரி வந்தபோது குரல் உடைந்து, சுருதி விட்டுப்போய், வேறொருவர் எடுத்துப் பாடி முடித்தார். "அர்த்தம் தெரியாமலே இருந்திருக்கலாம்" என்று தாத்தா அலுத்துக்கொண்டதாக அம்மா சொல்வாள். கேட்கிறவர்களுக்கு நஷ்டம்தான். ஆனால் பாட்டு அவரைப் பிடித்தது அன்றைக்குத்தான். அதுவரை அந்த வார்த்தைகள் அவருடைய வாய் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தன. அவரைக் கேள்வி கேட்க அவற்றுக்கு வழியே இருக்கவில்லை. அர்த்தம் தெரிந்த அன்று ஜெபமே மூலைமட்டமாகி, அவருடைய கோணம் எவ்வளவு என்று காட்டிவிட்டது.

வழிபாட்டில் வெளியே சரிபார்க்க ஏதுமில்லை என்றேன். உள்ளே சரிபார்ப்பதற்கு இருப்பது சொல்லின் பொருள் ஒன்றுதான். அதையும் தள்ளிவிட்டால், மன்னிப்புக் கேட்கிற பாட்டைப் பாடிவிட்டு வந்து அன்று மாலையே தம்பியின் பங்கு நிலத்துக்கு வழக்குப் போடலாம், எதுவும் இடறாது. கணக்கில் அப்படி இரண்டாகப் பிளந்து வாழ முடியாது. தப்பான செங்குத்தில் எழுப்பிய சுவர் கூரை போடும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு எதிர்வாதம் பழையது, கனமானது. மந்திரங்களுக்குப் பொருளே கிடையாது என்று கௌத்சர் வாதிட்டதை யாஸ்கர் நிருக்தம் என்ற தம் வேதச் சொல்லாராய்ச்சி நூலில் பதிந்து வைத்திருக்கிறார். மந்திரத்தில் சொல்லை மாற்றக்கூடாது, வரிசையைக் குலைக்கக்கூடாது. பொருள்தான் முக்கியமென்றால் அதே பொருளுள்ள வேறு சொல்லைப் போட ஏன் விடுவதில்லை? நல்ல கேள்வி. யாஸ்கர் ஒப்பவில்லை: பேச்சில் வழங்கும் அதே சொற்கள்தான் மந்திரத்திலும் இருக்கின்றன, அங்கே பொருளுள்ளவை இங்கே மட்டும் எப்படி வெறும் ஒலியாகும் என்று கேட்டார். தமிழில் மாணிக்கவாசகர் யாஸ்கர் பக்கம்தான். சிவபுராணத்தை முடிக்கும்போது, பாட்டு விளங்கிப் பாடுகிறவர்களைத்தான் சிவனடிக்குக் கொண்டுசேர்க்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுலும் அந்தப் பக்கமே நிற்கிறார்.

ஆனால் கௌத்சரைவிட எனக்குக் கடினமான எதிர்வாதத்தைச் சொன்னவன் முல்லா வீதியிலிருந்து டியூஷனுக்கு வந்த ஒரு பையன். குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். அரபு புரியுமா என்று கேட்டேன். "அர்த்தம் அப்புறம் படிச்சுக்கலாம் மிஸ். மொதல்ல ஒரு எழுத்து மாறாம இருக்கணும்ல" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அவன் சொன்னது சோழிக்காரரின் நியாயம். புத்தகங்கள் எரியலாம், இடிபடலாம். எழுத்து மாறாமல் வைத்திருக்கும் வாய்கள் இருந்தால்தான் பிறகு வருகிற ஒருவருக்குப் புரிந்துகொள்ள ஏதாவது மிஞ்சும். அந்தப் பையன் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் செய்துகொண்டிருந்தான்.

அவனால்தான் எனக்கு ஒரு கோடு தெளிவானது. சுமப்பது வேறு, வேண்டுவது வேறு. வார்த்தை புரியாமல் ஒரு வேதத்தைச் சுமக்கலாம். அது பெரிய சேவை, பக்தியும்கூட. புரியாமல் வேண்ட முடியாது, ஏனென்றால் வேண்டுவது என்பது கேட்பது. என்ன கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்பதாகச் சொல்ல முடியாது. மூக்குத்தியைத் தொலைத்துவிட்டு, தேடித் தருவதில் பேர்போன அந்தோணியார் சுரூபத்தின் முன்னால் வாயே திறக்காமல் நிற்கிற கிழவிக்கு ஒரு மந்திரமும் தெரியாமல் இருக்கலாம். என்ன கேட்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். பொருள் அவளிடம் இருக்கிறது, சொல்தான் இல்லை. தாத்தாவிடம் சொல் இருந்தது, பொருள் இல்லை. இரண்டில் எது ஜெபம் என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை. தாத்தா அதுவரை செய்தது சுமப்பு, அருமையான சுமப்பு. குரல் உடைந்த அன்று அவர் முதல் தடவையாக வேண்டினார்.

இதை வைத்துக்கொண்டு நான் இரண்டு வகுப்பு எடுக்கிறேன், இரண்டிலும் எதிரெதிர் வரிசையில். டியூஷனில் விதி முதலில். 'கெழுவ மாத்து, குறிய மாத்து' என்று பாடட்டும், கை பழகட்டும். பழகிய பிறகு நேரு வீதியையும் காந்தி வீதியையும் கொடுப்பேன், அதற்கப்புறம் தெருக்கட்டங்களை. முட்டிக்கொள்கிற பிள்ளைகளில் சிலர் வராந்தா ஓட்டில் நடந்து பார்ப்பார்கள். நடக்காதவர்களை மூலைமட்டம் என்றாவது ஒருநாள் பார்த்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு, புதுநன்மைக்குத் தயாராகும் குழந்தைகளுக்கு மறைக்கல்வி. அங்கே பொருள் முதலில். ஒரு வரியை மனப்பாடம் செய்வதற்கு முன்னால், இது கிடைத்தால் உனக்கு என்ன ஆகும், நீ என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று கேட்பேன். பிறர் குற்றத்தை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் குற்றத்தைப் பொறுத்தருளும் என்று கேட்கிற இடத்துக்கு வந்தபோது, ஒரு பையன் எழுந்து, தன் சைக்கிளை உடைத்தவனைத் தன்னால் மன்னிக்க முடியாது, அப்படியானால் இந்த வரியைச் சொல்லலாமா என்று கேட்டான். வேண்டாம், அந்த வரி வரும்போது வாயை மூடிக்கொள், முடிகிற அன்று சொல் என்றேன். சில வாரம் அவன் அந்த இடத்தில் மட்டும் வாய் திறக்காமல் நிற்பான். ஒழுங்காக ஒப்பிக்கப் பழக்கவில்லையே என்று அவன் அம்மாவுக்கு என்மேல் வருத்தம். அந்த வகுப்பில் முழு ஜெபத்தையும் தடங்கலில்லாமல் சொன்ன பிள்ளைகளில் யார் யாருக்கு அது தெரியும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு வரியை விட்டுவிட்டுச் சொன்ன அந்தப் பையனுக்குத் தெரியும்.